நோணாங்குப்பத்தில் நான் ஜெயித்த சண்டை

மகள் குத்துச்சண்டை கற்றுக்கொள்கிறாள். அவளுடைய கையுறைகள் பால்கனிக் கொடியில் காய்கின்றன. வேர்வையும் தோலும் சேர்ந்து ஊறிய அந்த நாற்றம், காலையில் காபி டம்ளரோடு வெளியே வந்த என்னை அப்படியே நிறுத்திவிட்டது. "அதக் கொண்டுபோய் மொட்ட மாடியில போடுங்களேன், வீடே நாறுது" என்று மனைவி உள்ளேயிருந்து கத்துகிறாள். நான் அசையவில்லை. அந்த நாற்றத்துக்குள் நீ நிற்கிறாய். உன்னை நினைத்தால் மற்றவர்களுக்குக் கண் கலங்குகிறது. எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கப்போவதில்லை என்பதால் கொஞ்சம் தாராளமாகவே திட்டலாம்.

முதலியார்பேட்டையில் உன் வீடு, மூலக்குளத்தில் என் வீடு. ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. லாஸ்பேட்டை ஓடுபாதையில் சின்ன விமானம் ஏதாவது இறங்குகிறது என்று காதில் விழுந்தால் போதும், நான் வகுப்பை விட்டுவிட்டு சைக்கிளை எடுப்பேன். நீ பின்னால் உட்கார்ந்து வருவாய், விமானத்துக்காக அல்ல, வழியில் யாரையாவது வம்புக்கு இழுக்கலாம் என்பதற்காக. உன் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, நம் ஊர் வழக்கில் சொல்தாவாக, இருந்து பென்ஷனோடு திரும்பியவர். "மொதல்ல அடிக்கிறவன்தான்டா சொல்தா" என்று அவர் சொன்னதை நீ வேதமாக எடுத்துக்கொண்டாய். பட்டாளம் என்றால் உனக்கு அடிதடி, எனக்கு விமானம். இரண்டு பேரும் ஒரே ராணுவ அகாடமிக்குத் தேர்வானபோது, விமானப்படைப் பிரிவு எனக்கும் தரைப்படை உனக்கும் கிடைத்தது. அன்று கடற்கரையில் நாம் போட்ட ஆட்டத்தைப் பார்த்து போலீஸ்காரரே சிரித்தார்.

அகாடமியில் சிரிப்பு முதல் வாரத்திலேயே போய்விட்டது. சீனியர்கள் ஜல்லிக்கல்லின் மேல் நம்மை உருட்டினார்கள். முழங்கையில் தோல் ஆறுவதற்குள் அடுத்த உருட்டல். மூன்றாம் ஆண்டுக்காரன் ஒருவன் என் வயிற்றில் பூட்ஸ் காலை வைத்து அழுத்திக்கொண்டே ஊர்ப் பெயரைக் கேட்டான். "பாண்டிச்சேரி" என்று சொல்லக்கூட மூச்சு வரவில்லை. நீ அன்று இரவெல்லாம் சிரித்தாய். மறுநாள் உன்னையும் அதே கல்லில் உருட்டினார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்புறம் அந்தக் குத்துச்சண்டை. புதிதாக வந்தவன் ஒவ்வொருவனும் ஒரு முறையாவது மேடை ஏறியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். எடையைப் பார்த்து ஜோடி சேர்த்தார்கள், உனக்கு நான் வந்து வாய்த்தேன். நாமும் மகா புத்திசாலிகள், முந்தின நாளே பேசி வைத்துக்கொண்டோம். மேடையில் நெருங்கி வந்து நின்றபோது நீ தைரியமாகத் தமிழிலேயே சொன்னாய்: "மூஞ்சில வேணாம்டா. வவுத்துல லேசா குத்து, நான் வுழுந்துடறேன்."

பஞ்சாபிகளும் ஜாட்டுகளும் நிறைந்த இடம், யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்தோம். நடுவராக நின்ற கேப்டன் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். கிட்டே வந்து, நம் ஊர்த் தமிழிலேயே மெதுவாகக் கேட்டார்: "ஏன்டா, கடலூர்க்காரன் எவனும் இங்க இருக்கமாட்டான்னு நெனச்சிட்டீங்களா? நெசமா அடிச்சிக்குங்க. இல்லன்னா ரெண்டு பேரையும் ஒரு டெர்ம் பின்னால தள்ளிடுவேன்."

நீ அடித்தாய். முதல் குத்தில் என் உதடு பிளந்தது. இரண்டாவதில் மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. தலைக்காப்பு ஒருபக்கமாக நழுவிவிட்டது, கயிற்றில் சாய்ந்து நின்றேன், கையைக்கூடத் தூக்கவில்லை. அதற்கு மேலும் நீ வந்தாய். உன் வலது கை என் இடது காதில் இறங்கியது, மறுபடி இறங்கியது, மறுபடியும். உள்ளே ஏதோ கிழிந்தது எனக்குத் தெரிந்தது. மொத்த அரங்கும் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது, ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தாய். எனக்கு வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, "காது எப்டி இருக்கு?" என்று கேட்டாய். மன்னிப்பு என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. செவிப்பறை ஆறிவிட்டது, ஆனால் விமானப்படை மருத்துவர்களுக்கு ஆறியது போதவில்லை. அந்தப் பக்கம் கேட்கும் திறன் குறைந்துவிட்டது என்றார்கள். என்னைத் தரைப்படைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று குளியலறைச் சுவரில் கை எலும்பு விரிசல் விடும்வரை குத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் உன் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்த விடுமுறையில் உன்னை வீட்டுப்பக்கமே வராதே என்று சொல்லியிருந்தேன். நீ வந்தாய். என்னிடம் பேசவில்லை, நேரே அப்பாவிடம் போய் உட்கார்ந்தாய். "ஏரோப்ளேன் ஓட்டணும்னா பட்டாளம்தான் வேணுமாப்பா? லாஸ்பேட்டையில சொல்லிக் குடுக்கறாங்க. அங்க மெடிக்கல் இவ்ளோ கெடுபிடி இல்ல. வெசாரிச்சிட்டுதான் வந்திருக்கேன்" என்றாய். வில்லியனூர் ரோட்டில் எங்கள் வயல் அப்போதுதான் மனையாகி விற்றுப் பணம் வந்திருந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார், சரி என்றார். மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சொந்தமா ஓட்டறதுக்குப் பரவாயில்ல. இன்னொரு அடி பட்டுதுன்னா அதோட மறந்துடணும்" என்று கையெழுத்துப் போட்டார். நீ பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாய்.

அப்படித்தான் அகாடமி விடுமுறைகளில் தனியார் விமானி லைசென்ஸுக்குப் படித்தேன். இரண்டு பேர் உட்காரும் விமானம், டப்பா மாதிரி ஆடும். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற முரட்டு மனிதர். நான் தவறு செய்தால் மடித்த வரைபடத்தால் தலையில் அடிப்பார். மதியத்துக்கு மேல் கடற்காற்று குறுக்கே வந்து இறக்கையைத் தூக்கும், ஓடுபாதை என் மூக்குக்கு நேராக நிற்காமல் நழுவும். கீழே இறங்க இறங்க இடது காதுக்குள் ஊசி ஏற்றுவதுபோல வலிக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதி அதைத் திறப்பேன். ஒவ்வொரு முறையும் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டுதான் தரையைத் தொட்டேன். வேலிக்கு வெளியே வண்டியோடு நின்றிருப்பாய். வணக்கம் கிடையாது, வாழ்த்து கிடையாது. "காது?" என்பாய். "இருக்கு" என்பேன். வண்டியைக் கிளப்புவாய். முதல் முறை தனியாக ஓட்டி இறங்கிய நாளிலும் அவ்வளவுதான்.

கடைசி விடுமுறை. மறுநாள் எனக்குத் தேர்வு. அதை விட்டால் பதவியேற்பு, போஸ்டிங், அப்புறம் எங்கே பறப்பது? அன்று சாயங்காலம் நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போனோம். நீ வழக்கம்போல கைலியிலேயே வந்திருந்தாய். கடற்கரைக்குப் போன கடைசிப் படகும் திரும்பிவிட்டது. இத்தனை நாள் தொண்டையில் நின்றதை அன்று கேட்டேன்: "அந்தக் கேப்டன் மெரட்டினான், அடிச்ச. சரி. நான் கையத் தூக்கலியே, அதுக்கப்புறமும் ஏன்டா அடிச்ச?"

நீ பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய்தான் வேண்டியிருந்தது.

"புடிச்சிருந்துச்சுடா" என்றாய். "அடிக்க அடிக்க நல்லாருந்துச்சு. நீதான்னே மறந்துடுச்சு."

நான் உன் வாயில் குத்தினேன். உன் பல் என் விரல் முட்டியைக் கிழித்தது. நீ இடது கையால் என் கன்னத்தில் விட்டாய். அப்புறம் கணக்கில்லை. விலாவில் அடித்தாய், தோளில் அடித்தாய், நான் உன் முடியைப் பிடித்துத் துறைக்கம்பத்தில் மோதினேன். சேற்றில் உருண்டோம். நண்டுபோல ஒற்றைக் கையால் மட்டும் வந்தாய், வலது கை இடுப்பில் கைலியை இறுக்கிப் பிடித்திருந்தது. படகுக்காரர்கள் சிரித்தார்கள். "டேய், கைலியப் புடிச்சிக்கினே சண்ட போடறான் பாருடா!" என்று ஒருவர் கத்தினார். கடைசியில் உன்னை மல்லாத்தி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, உன் முகம் எனக்கு அடையாளம் தெரியாமல் போகும்வரை அடித்தேன். "போதுமா?" என்றாய், பல்லெல்லாம் ரத்தம். "போதாது" என்றேன். அதற்குள் இழுத்துப் பிரித்துவிட்டார்கள். நீ தள்ளாடி எழுந்து வண்டியைக் கிளப்பிக் காத்திருந்தாய். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் தேர்வாளர் என் வீங்கிய வலது கன்னத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். விலா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சீட் பெல்ட்டைப் போட்டேன். ஆனால் காது தாங்கியது, காற்றும் அன்று கருணை காட்டியது, தேறினேன். வேலியோரம் நீ நின்றாய், ஒரு கண் முழுசாக மூடியிருந்தது. "காது?" "இருக்கு." "அப்ப சரி."

அதன்பிறகு எத்தனை வருஷம் உன்னைக் கேலி செய்திருப்பேன்! உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்தே சொன்னேன், மானத்தைக் காப்பாற்றப் போய் உதை வாங்கிய மாவீரன் என்று. நீயும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாய். நான் உன்னை அடித்து ஜெயித்தவன். உன்னை அப்படி ஜெயித்தவன் ஊரில் வேறு யாருமில்லை.

வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் கதவை உதைத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாய். வேறு யாரையும் முதலில் போக நீ விட்டிருக்கமாட்டாய். உள்ளே இருந்தவன் உனக்கு ஒரு நொடி முன்னால் சுட்டுவிட்டான். முதலியார்பேட்டைக்குப் பெட்டி வந்தபோது திறக்கக்கூடாது என்றார்கள். உன் அம்மா பெட்டியின் மேல் தலையை மோதி மோதி அழுதார்கள். பிடிக்கப் போன என் கையைக் கடித்துவிட்டார்கள்.

காரியம் முடிந்த அன்று வீட்டில் எல்லோரும் உன் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. நோணாங்குப்பம் கதையைச் சொன்னேன். "கைலி அவுந்துடும்னு கடைசிவரைக்கும் கைய எடுக்கலம்மா அவன்" என்றேன். எல்லோரும் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"அவன் பச்ச பெல்ட்டு இல்லாம கைலி கட்டுவானாப்பா?" என்றார்கள். "அன்னிக்கும் பெல்ட்டுதான் போட்டிருந்தான், நான்தான சேத்தக் கழுவினேன். எடது கை முட்டியெல்லாம் பிஞ்சி கெடக்குது, வலது கையில ஒரு கீறல் இல்ல. என்னாடான்னு கேட்டேன். 'அந்தக் கையத் தூக்கினா நிறுத்தமாட்டேம்மா, அவன் காது போயிடும், நாளைக்கு அவனுக்குப் பரீட்ச'ன்னான்."

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

லைசென்ஸை இன்னும் விடாமல் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். இறங்கும்போது இப்போதெல்லாம் உன்னைத் திட்டுவதில்லை, கீழே வந்த பிறகுதான் திட்டுகிறேன். காதைக் கெடுத்ததற்கான கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இது வேறு கோபம். வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒரு சண்டைதான், அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய். உன் கல்யாண மேடையில் அத்தனை பேர் முன்னால் கேலி பேசினேனே, அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாமேடா. கட்டிப் பிடித்திருப்பேன். இல்லாவிட்டால் அங்கேயே இன்னொரு முறை அடித்திருப்பேன்.