மணிக்காரர் வரிசை கூப்பிட்ட நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். உடம்புக்கு என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய், என் வயிற்றில் பிறந்தவள் கவனிக்காமல் இருப்பாயா. அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொரு தடவை போனில் கேட்கும்போதும் கடைக்குப் போயிருக்கிறார், நடக்கப் போயிருக்கிறார் என்று மழுப்பினேன். அத்தனையும் பொய். இந்தச் சின்ன வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும், அதனால்தான் மழுப்பல். போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை, அதனால்தான் கடிதம். குடைக் கம்பெனி மூடி ஏழு மாதம் ஆகிறது, ஏழு மாதமாக உன் அப்பா வாசல்படி தாண்டாமல் கிடந்தார்.

காரணம் உனக்குப் பாதி தெரியும். இருபத்தாறு வருஷமாகக் காலை எட்டு மணிக்கு மணி அடித்து, அறுபத்து நாலு பேரையும் மேசை வரிசைப்படி, தாளைப் பார்க்காமல் கூப்பிட்டவர் அவர். கூப்பிட்டதும் அவரவர் வந்தாச்சு என்று குரல் கொடுப்பார்கள். அதனால்தான் தெருவே அவரை மணிக்காரர் என்கிறது. தெரியாத பாதி இது. கடைசி நாள் அன்று, நாளை முதல் யார் யார் வர வேண்டாம் என்ற தாளையும் அவர் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். மனுஷன் அதே குரலில், அதே வரிசையில் எல்லாரையும் வாசித்துவிட்டு, கடைசியில் தன் பெயரையும் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான். நீ எங்களை உன்னோடு வந்துவிடச் சொன்னாயே, சொன்ன அன்றே வருகிறோம் என்று எழுதிவிடு என்றார். இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. உன்னைப் பார்க்க வருகிறவர் என்றால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன், இவர் தெருவை விட்டு ஓடப் பார்க்கிறவர். ஓடி வந்த மனுஷன் அங்கேயும் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதானே உட்காருவார். என் மேல் கோபப்படாதே, முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

தெருவும் நீ பார்த்த தெருவாக இல்லை. எட்டு மணிக்குச் செருப்புச் சத்தமும் சிரிப்புமாக இருந்த தெருவில் ஒரு திரைச்சீலைகூட விலகாது. பதினொரு குடும்பம் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. இருக்கிறவர்கள் கிடைத்த வேலைக்குப் போகிறார்கள், ஒருத்தர் மூட்டை தூக்குகிறார், ஒருத்தி யார் வீட்டிலோ தரை துடைக்கிறாள், எதிரெதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். வேலை கிடைத்ததா என்று கேட்டாலே குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிட்டது, வேறு எதைக் கேட்பது. இப்படி இருக்கும்போது போன மாதம் ஒரு நாள் அடுக்களை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், கம்பெனிக் காவல்காரர் தள்ளுவண்டி நிறையத் துணி மூட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். ஒரு மூட்டையில் கிளிப்பச்சை எட்டிப்பார்க்கிறது, இன்னொன்றில் செக்கச்செவேல் என்று சிவப்பு. அவ்வளவையும் முனைவீட்டு மாடியில் புதிதாக முடிவெட்டும் கடை போட்டிருக்கிறாளே ஒரு பெண், அவள் வாசலில் இறக்கினார். முடிவெட்டுகிறவளுக்கு எதற்கு இத்தனை துணி? என் குணம் உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டில் யாராவது இரண்டு தடவை இருமினால் மூன்றாவது இருமல் ஏன் வரவில்லை என்று காத்திருக்கிறவள். மறுநாளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாலு விரல் அளவு முடி போனது, விஷயம் கிடைத்தது.

கம்பெனிக் கிடங்கில் குழந்தைகள் குடைக்கு என்று வெட்டி வைத்த துணி மலைபோல் கிடந்ததாம், எரிக்கப் போகிறார்கள் என்று காவல்காரர் வருத்தப்பட்டாராம், இவள் எனக்குக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டாள். அதை எல்லாம் கம்பியில்லாத குடைகளாகத் தைத்து, இந்த மாடிக்கும் அந்த மாடிக்கும் கயிறு கட்டி, தெரு முழுக்கத் தொங்கவிட வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் கீழே உட்கார்ந்து பாட்டும் சாப்பாடுமாக இருக்க வேண்டும், இதுதான் அவள் எண்ணம். சாவு வீட்டில் குடிவந்த மாதிரி இருக்கிறது, ஒரு நாளாவது இந்தத் தெரு சிரிக்கிறதைப் பார்க்கணும் என்றாள். கெட்டிக்காரப் பெண், வீட்டுக்கு ஒரு மூட்டை என்று பிரித்தும் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டு மூட்டை எங்கே என்றேன். அவள் கத்தரிக்கோலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். ஊசியக்காவைக் கேளுங்கள் என்றாள். கேட்காமல் விடுவேனா? ஊசியக்காதான் முதல் மேசையில் முதல் ஆள், அவள் நாக்குக்கு முன்னால் ஊசி மழுங்கல். ஆனால் அன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். "அவர் மேல கோவம் இல்லம்மா. அவர் குரலக் கேட்டா அந்த நாள் வந்து முன்னால நிக்குது. நல்ல நாள் அன்னைக்கு அது வேணாமேன்னு பார்த்தோம்." சண்டை போடலாம் என்றால் அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, முடி நன்றாக வெட்டியிருக்கிறாளா என்று மட்டும் கேட்டேன், அவர் நிமிர்ந்து பார்க்காமலே நன்றாக இருக்கிறது என்றார்.

அதன்பிறகு ஜன்னலே கதி என்று நின்றேன். நம்மைச் சேர்க்கவில்லை என்றால் என்ன, பார்ப்பதற்கு யார் அனுமதி வேண்டும். பார்க்கப் பார்க்க ஒன்று புரியவில்லை. சில வீடுகளில் தையல் மெஷின் ஓயாமல் ஓடுகிறது, சில வீடுகளில் மூட்டையைப் பிரிக்கவே இல்லை, அந்த வீட்டுக்காரிகள் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து யாரையோ எதிர்பார்க்கிறார்கள். சோம்பேறித்தனமா, கோபமா, மெஷின் கெட்டுவிட்டதா, மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை காலை முடிவெட்டும் பெண் வீடுவீடாகப் போய்ப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்று அழாத குறை. நடந்தது இதுதான். கம்பெனியில் எட்டுத் துண்டு சேர்ந்தால் ஒரு குடை. முதல் மேசை இரண்டு இரண்டாக இணைக்கும், இரண்டாம் மேசை அதை நாலாக்கும், மூன்றாம் மேசை எட்டாக்கும், நாலாம் மேசை ஓரம் மடித்துத் தைக்கும். வேறு மேசை வேலையில் கை வைத்தால் அந்தக் காலத்தில் தொலைந்தோம். இத்தனை வருஷப் பழக்கம் விடுமா, வீட்டிலும் அப்படியே செய்திருக்கிறார்கள். முதல் மேசைக்காரிகள் மூட்டை முழுவதையும் இரண்டு இரண்டாகத் தைத்து வலது பக்கம் குவித்துவிட்டு அடுத்த ஆள் வந்து எடுத்துப் போவாள் என்று காத்திருக்கிறார்கள், மற்ற மேசைக்காரிகள் இரண்டாகத் தைத்தது வரட்டும் என்று மூட்டையைத் தொடாமல் காத்திருக்கிறார்கள். முழுக் குடை ஒன்றுகூட இல்லை. நான் ஜன்னலில் நின்று சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு விழுந்துவிட்டது. சரி, எடுத்துப் போய்க் கொடுங்கள் என்றால் அதிலும் குழப்பம். அவளவளுக்குத் தன் இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்பதோடு சரி, அதிலும் பதினொரு வீடு காலி, யாரிடமிருந்து யாருக்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக் கத்துகிறார்கள்.

கத்தல் நின்றது. எட்டிப் பார்த்தால் ஊசியக்கா நம் வாசலில் நிற்கிறாள். நான் கதவைத் திறந்தேன், அவள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்துப் பேசினாள். "மணிக்காரரே, எங்களுக்கு வரிசை தப்பிப் போச்சு. வந்து கூப்பிடுங்க." அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என் குரல் உங்களுக்கு ஆகாதும்மா என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது பார், ஏழு மாதமாக அதைத்தான் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஊசியக்கா ஆகும் என்றும் சொல்லவில்லை ஆகாது என்றும் சொல்லவில்லை. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும், இருந்தாலும் வாங்க என்றாள். அந்தப் பதில்தான் அவரை எழுப்பியது என்று நினைக்கிறேன், சமாதானம் சொல்லியிருந்தால் எழுந்திருக்க மாட்டார். செருப்பைத் தேடினார், ஏழு மாதம் போடாத செருப்பு, ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது, நான் ஓடிப்போய்க் குனிந்து எடுத்தேன்.

அப்பா தெரு நடுவில் போய் நின்றார். பிறகு ஊசியக்காவின் பெயரைக் கூப்பிட்டார். அவள் கண்ணில் தண்ணீர் வழிகிறது, ஆனாலும் வந்தாச்சு என்றாள். அடுத்து ஒல்லியக்கா, அடுத்து பாட்டுக்காரி, ஒவ்வொருத்தியும் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறாள். போனவர்கள் பெயர் வரும்போது அவர் அதையும் விடாமல் கூப்பிட்டார், பதில் வராது, ஒரு மூச்சு விட்டுவிட்டு அந்த இடத்துக்கு வேறு ஆளைச் சொன்னார். இரண்டாம் மேசையில் ஏழாவது இடம் காலி, யாரைச் சொல்வார் என்று நான் எல்லாரையும் பார்க்கிறேன், நம்ம வீட்டம்மா வரட்டும் என்கிறார். எனக்கு நேராக ஊசி கோர்க்க வராது என்பது அவருக்குத் தெரியாதா? போய் நின்றேன். மெஷின்களைத் தெருவுக்குத் தூக்கி வந்து அன்று முழுதும் மறுநாளும் தைத்தோம், நான் தைத்ததைப் பாட்டுக்காரி பிரித்துத் திரும்பத் தைத்தாள் என்பது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலே சிவப்பும் பச்சையும் நீலமும் காற்றில் உப்பிக்கொண்டு நிற்க, வெயில் அதன் வழியாக இறங்கி எல்லார் முகத்திலும் ஒவ்வொரு நிறம் பூசியிருந்தது, ஒல்லியக்காவுக்கு ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் ஊதா. மூட்டை தூக்குகிறவர் ஆடினார், அவருக்கு ஆடத் தெரியும் என்று அவர் மனைவிக்கே தெரியாதாம். வேலை கிடைத்ததா என்று கேட்கிறார்கள், இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், எங்கே ஆள் தேவை என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிறார்கள். கம்பெனி திறக்கப் போவதில்லை, இன்னும் இரண்டு வீடு காலியாகப் போகிறது, அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வாசல்கள் திறந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்ட அப்பா தன் பெயரை மட்டும் விட்டுவிட்டாரே என்று ஊசியக்கா சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று எழுந்து நின்று மணிக்காரர் என்று கூப்பிட்டாள். தெருவே திரும்பிப் பார்க்கிறது. அப்பாவுக்கு வாயில் சோறு. விழுங்கிவிட்டு வந்தாச்சு என்றார், எனக்கே சரியாகக் கேட்கவில்லை, ஆனால் சொன்னார்.

நீ கூப்பிட்டதற்கு என்ன பதில் என்று இனி அவரே உனக்கு எழுதட்டும், அவர் வருகிறேன் என்றால் நானும் சந்தோஷமாக வருகிறேன். குட்டிக்குப் பல் முளைக்கும் நேரம், கண்டதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ரொம்ப அதட்டாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் நடமாடுகிற தெருவில் நல்லபடியாக வாழ வேண்டும். போன கடிதத்தில் குட்டியின் காலடி அளவு கேட்டிருந்தேன், தாளில் கால் வைத்து வரைந்து அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு, உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நான் அடுக்களையில் ஒளிந்து எழுதவில்லை, கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மணி இரண்டாகப் போகிறது, சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறட்டும்.