அண்ணி சொல்லாத பெயர்

14 மார்ச் 2006, செவ்வாய்

மில்லில் அண்ணன் செத்த வழக்கில் சூப்பர்வைசரை மட்டும்தான் போலீஸ் குற்றவாளியாகச் சேர்த்திருக்கிறது. அங்கேயே வேலை பார்த்த அண்ணி இன்று கூண்டேறிச் சாட்சி சொன்னார்.

"மெஷினை நிறுத்தாம துடைக்கச் சொன்னது யாரும்மா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

"முதலாளிங்க ஐயா."

"அண்ணன் தம்பி மூணு பேரும் முதலாளிதான். எவருன்னு பேரைச் சொன்னாத்தான் நான் சம்மன் அனுப்ப முடியும்."

"முதலாளின்னுதாங்க கூப்பிடுவோம்."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். யாருக்கும் சம்மன் இல்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதலியார்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "நெஜமாவே பேரு தெரியாதா அண்ணி?"

"தெரியும் தம்பி. அவ்ளோ பேரு முன்னாடி அவரைப் போயி பேரு சொல்றதா?"

கோபத்தை அண்ணியிடம் காட்ட முடியவில்லை. வேறு யாரிடம் காட்டுவதென்றும் தெரியவில்லை.

அண்ணனை அந்த முதலாளி ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய்" என்றுதான் கூப்பிடுவான்.