இரண்டு எர்த்தும் ஒரு ப்ரீஆம்ப்பும்

பாட்டுப் பைத்தியம் பிடித்த என் அருமை மாப்பிள்ளை செல்வத்துக்கு,

நீ ஆசைப்பட்ட ப்ரீஆம்ப் வந்துவிட்டது. உன் அறை மேசையில்தான் வைத்திருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நீ நிதானமாகக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும்.

உன் வருஷ நினைவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அமலி என்னைக் கூப்பிட்டாள். நீ போனதிலிருந்து அந்த ஸ்டீரியோவை அவள் தொடவே இல்லை. "அண்ணே, அன்னைக்குப் பூசை முடிஞ்சு வந்து அவுக பாட்டப் போடணும். ஆனா அந்த இரைச்சலோட வேணாம். அதுக்காக அவுக எம்புட்டுப் பாடுபட்டாக! அந்த மூணு பின்னு பெட்டிய வாங்கிரு" என்றாள். என் தங்கை வாய்விட்டு ஒன்றைக் கேட்பதே அபூர்வம். உனக்குத் தெரியாததா?

அந்த இரைச்சலோடு எட்டு வருஷம் மல்லுக்கட்டினாய். ப்ளேயரும், அதன் பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பழைய ப்ரீஆம்ப்பும் பின்னால் கட்டிய புது அறையில். பெரிய ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் முன் ஹாலில். நடுவே சுவரோரமாக முப்பதடி வயர். வடமதுரையில் மருந்துக்கடையைச் சாத்திவிட்டு வந்ததும் வயரை மாற்றுவாய், பிளக்கை இடம் மாற்றிச் செருகுவாய். பாட்டுக்குப் பாட்டு நடுவில் அந்த 'ம்ம்ம்' மட்டும் போகவே போகாது.

நான் வேறு கேலி செய்வேன். "ஏலே, மனுசனுக்குக் காதே ரெண்டுதான். உனக்கு எதுக்கு மூணு பின்னு?" திண்டுக்கல்லில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவன் என்ற மிதப்பு எனக்கு. நீ கோபப்படமாட்டாய். "மச்சான், பேலன்ஸ்டு வயர்ல ஒரு பின்னு எர்த்துக்கு, மத்த ரெண்டுக்கும் ஒரே பாட்டு ரெண்டு கம்பியில போகும், ஒண்ணுல நேரா, ஒண்ணுல தலைகீழா. வழியில ஏறுற இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணுபோல ஏறும். அந்தக் கடைசியில ஒண்ணுல இருந்து ஒண்ணக் கழிச்சா இரைச்சல் போயிரும், பாட்டு நிக்கும்" என்பாய். பெரிய ஆம்ப்ளிஃபையரில் அந்த மூன்று பின் சாக்கெட் இருக்கிறது, ப்ரீஆம்ப்பில்தான் இல்லை, புதிது வாங்கக் காசு சேரட்டும் என்பாய். நான் அமலியிடம் இன்னொரு டீ கேட்பேன்.

மதுரைக் கடையில் இரண்டு பெட்டி காட்டினார்கள். ஒன்று நீல விளக்கும் வெள்ளி முகமுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அதையே எடுத்திருப்பேன். கடைக்காரப் பெண் தடுத்தாள். "சார், பின்னாடி மூணு பின் சாக்கெட் இருந்தா மட்டும் போதாது, உள்ள சர்க்யூட்டும் அப்படி இருக்கணும். இதுல சும்மா பேருக்கு வச்சிருக்காங்க." மூடியைக் கழற்றியும் காட்டினாள். கறுப்பாக, ஒரே ஒரு திருகு குமிழோடு, அலங்காரம் இல்லாமல் இருந்த மற்றதைத் தேர்ந்தெடுத்தேன். அதைத்தான் நீயும் எடுத்திருப்பாய், இல்லையா?

எந்தப் பெட்டி எந்த அறையில், எப்படி இரைகிறது என்றெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன். பணம் கட்டும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள். "முன்னாடி ஹாலுக்கும் பின்னாடி ரூமுக்கும் தனித்தனி எர்த்தா சார்? ரெண்டையும் இணைக்காம விட்டா இப்படித்தான் இரையும். வயரிங் யார் செஞ்சது?"

"யாரோ ஒரு ஆளு" என்றேன்.

மாப்பிள்ளை, அந்தப் பொய்யோடுதான் பஸ் ஏறினேன். புது அறை கட்டியபோது தங்கைக்கு அண்ணன் செய்யும் சீராக முழு வயரிங்கையும் நானே செய்து கொடுத்தேனே. பின்னால் தனியாக எர்த் குழி வெட்டினேன். அதைப் பழைய எர்த்தோடு இணைக்க முற்றத்துச் சிமெண்டை உடைத்திருக்க வேண்டும். புதிதாகப் பூசிய தரை, புது அறைக்குப் பால் காய்ச்ச நாலு நாள்தான் இருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் அப்படியே மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்ததும் அமலியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அவுகளுக்குத் தெரியும்ணே" என்றாள்.

"என்னது?"

"மூணாம் வருசமே கண்டுபிடிச்சிட்டாக. ஆள வச்சு உடைச்சுச் சரி பண்ணுங்கன்னு நாந்தான் சொன்னேன். 'உங்கண்ணன் சீரா செஞ்சு குடுத்தது. அதுல குறை சொன்னா அவன் மனசு ஒடிஞ்சிரும். நான் பெட்டிய மாத்திக்கிறேன்'னுட்டாக. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற."

என் முகம் வாடக்கூடாது என்பதற்காகவா அந்த மூன்று பின்னுக்காக ஏங்கிக் கிடந்தாய்? நான் கேலி செய்தபோதெல்லாம் ஒரு தடவையாவது நாக்கு நுனிவரை வரவில்லையா? பள்ளிக்கூடத்திலிருந்து உன்னைத் தெரியும் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். உன்னைத் தெரியவே இல்லை, மாப்பிள்ளை.

நேற்று பூசை முடிந்து வந்து பாட்டுப் போட்டோம். முதல் பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்கும்வரை ஹாலில் துளிச் சத்தம் இல்லை. அமலி ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தாள். "சுத்தமா இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

காலையில் நான் கடப்பாரையோடு வந்து நின்றபோது அவள் பதறினாள். "இப்பத்தான் இரைச்சலே இல்லையே, எதுக்குண்ணே தரைய உடைக்கிற?" "இரைச்சலுக்காக இல்லத்தா" என்றேன். அவள் பூந்தொட்டிகளை நகர்த்திக் கொடுத்தாள்.

பாதி முற்றம் உடைத்தாயிற்று. நாளை சாயங்காலத்துக்குள் இரண்டு எர்த்தையும் இணைத்துவிடுவேன், இது உறுதி. அடுத்த வாரம் மதுரைக்குப் போய் அந்தக் கடைக்காரப் பெண்ணிடமும் வயரிங் செய்தது யார் என்று சொல்லிவிட்டு வருவேன்.

உன் வீட்டு வயரிங் செய்தவன்,
உன் மச்சான்
ஞானப்பிரகாசம்