முகப்பில் பூட்டிய தகடு

3 ஏப்ரல் 1962

மில் முதலாளியின் அமெரிக்கக் கார் இன்று எங்கள் ரிப்பேர் ஷெட்டுக்கு வந்தது. உள்ளே குளிர்காற்று வரும் கார். ஷெட்டில் இதைத் தொடத் தெரிந்தவர் ஓஸ்வால்ட் ஒருவர்தான். பத்து வருஷம் ஐஸ் பாக்டரியில் இருந்தவர். ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு ரேடியேட்டர் மாதிரி ஒன்று. அதுதான் கண்டன்சராம், ஓஸ்வால்ட் சொன்னார்.

"உள்ளே இருக்கற சூட்டை கேஸ் தூக்கிட்டு வருது, மேன். கம்ப்ரசர் அதை அழுத்தி இங்கே தள்ளுது. எதிர்காத்து பட்டு சூடு வெளியே போனா, கேஸ் தண்ணியா மாறிடும். அதுதான் திரும்ப உள்ளே போய்க் குளிர் குடுக்குது. காத்து படலேன்னா பிரஷர் ஏறிக்கிட்டே போகும்."

இருபது வருஷமாகக் காரோடு கிடக்கிறேன். இது தெரியாது எனக்கு.

18 ஏப்ரல்

முதலாளி மகளுக்குக் கல்யாணம். குடும்பச் சின்னம் போட்ட பெரிய பித்தளைத் தகட்டைக் காரின் முகப்பில் பூட்ட வேண்டுமாம். ஓஸ்வால்ட் மறுத்துவிட்டார். "கண்டன்சர் மூஞ்சிய மூடற வேலை. நான் செய்ய மாட்டேன்."

ஷெட் மேனேஜர் ஸ்ரீகண்டன் என்னைக் கூப்பிட்டார். "முனிரத்னம், நீ பூட்டுப்பா."

பூட்டினேன்.

19 ஏப்ரல்

மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை?

22 ஏப்ரல்

கல்யாண ஊர்வலம். ஆள் நடக்கிற வேகத்தில் கார். அல்சூர் தாண்டியதும் உள்ளே அனல் அடிக்கிறது என்று, கூட நடந்து வந்த ஓஸ்வால்டை அழைத்தார்கள். பானெட்டைத் திறந்து குனிந்தார். "ஆஃப் பண்ணு—" என்று கத்தினார், அதற்குள் கண்டன்சர் பக்கத்து ரப்பர் ஹோஸ் வெடித்தது. கேஸ் பீய்ச்சியடித்தது நேரே அவர் கண்ணில். சூடு இல்லை, உறைய வைக்கிற குளிர். இமையெல்லாம் வெள்ளை.

நாதஸ்வரம் நிற்கவே இல்லை.

30 ஏப்ரல்

இரண்டு கண்ணும் போய்விட்டதாம்.

தகட்டை ஊர்வலத்துக்கு மறுநாளே கழற்றச் சொல்லிவிட்டார் ஸ்ரீகண்டன். கழற்றியதும் நான்தான்.

7 மே

ஸ்ரீகண்டன் ஒரு காகிதத்தை நீட்டினார். ஓஸ்வால்ட் அளவுக்கு மீறி கேஸ் ஏற்றினார், அதனால்தான் வெடித்தது, நான் பார்த்தேன் — இப்படி. தகடு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அவனுக்கு இனிமே கண்ணு வரப்போறதில்ல. உனக்கு மூணு பொண்ணு. யோசிச்சுக்கோ."

யோசிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

த்தூ. நானும் ஒரு மனுசனா? சோறு எறங்கல. "இன்னாச்சு உனக்கு?"ன்னு சந்திரம்மா கேக்கறா. பொண்டாட்டிகிட்ட இன்னான்னு சொல்றது?

20 மே

ஆஸ்டின் டவுனில் ஓஸ்வால்ட் வீடு. தனி ஆள். என் குரல் கேட்டதும் கம்பெனிக் கடிதத்தை நீட்டினார்.

"படி, மேன்."

இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கவனக்குறைவாம், வேலை நீக்கமாம். கடைசி வரியில் சாட்சி என்று என் பெயர். அதைப் படிக்காமல் மடித்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். "பக்கத்து வீட்டு ரெமிஜியஸ் நேத்தே படிச்சுக் காட்டிட்டான். நீ எதுவரைக்கும் படிப்பேன்னு பாத்தேன்."

1 ஜூன்

என்னை போர்மன் ஆக்கியிருக்கிறார்கள். சந்திரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.