எட்டு மாதமாக நீ சொல்லாதது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். இடது முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது என்னோடு வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறது, மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி உடுத்திக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வாரத்துக்கு மேலாக நான் போனை எடுக்கவில்லை, தொண்டை கட்டியிருக்கிறது என்று செய்தி மட்டும் அனுப்பினேன், நீயும் வெந்நீர் குடி, டாக்டரைப் பார் என்று தினமும் எழுதிக்கொண்டிருந்தாய். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை பாப்பா. அது பொய். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினேன், வண்டி தாமதமானதற்குக்கூட டிப்போவில் பொய்க்காரணம் எழுதியவன் இல்லை, இந்த வயதில் சொல்லிப் பார்த்தேன், பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஏன் சொன்னேன் என்பதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ விமானம் ஏறிய பிறகு முதல் வாரம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளில் எல்லாம் இருந்தது, டாக்டர் எண், பிளம்பர் எண், லிஃப்ட் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, எந்தக் கிழமை குப்பை எடுக்க வருவார்கள், எதையும் விடவில்லை. தண்ணீர் பட்டாலும் அழியாதபடி பிளாஸ்டிக் உறை வேறு. கிளம்புகிற அவசரத்திலும் பிள்ளை எவ்வளவு பொறுப்பாக எழுதியிருக்கிறாள் என்று கீழே இருக்கும் காவலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். எட்டாவது நாள் வீட்டுக்குள் மூச்சு முட்டியது. கீழே இறங்கி நிறுத்தத்தில் நின்றேன், ஒரு பஸ் வந்தது, எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நடத்துனர் எங்கே போகணும் என்று கேட்டார். இது எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார். அன்றிலிருந்து நாளைக்கு ஒரு தடம் என்று வைத்துக்கொண்டேன், ஏறுகிற இடத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை போவது, அங்கே ஒரு டீ, திரும்பி வருவது. ஐம்பத்து மூன்று தடங்கள் பார்த்துவிட்டேன். இந்த ஊர் டிரைவர்களுக்கு பிரேக் என்றால் மிதியடி என்று நினைப்பு, நிற்கிற ஜனங்களைப் புளிமூட்டை மாதிரி முன்னால் தள்ளிவிடுகிறார்கள், அதை இரண்டு பேரிடம் சொல்லியும் பார்த்தேன், ஒருவர் சிரித்தார், இன்னொருவர் நீங்க வேணா வந்து ஓட்டுங்க பெரியவரே என்றார். உண்மையைச் சொன்னால் என் கை அந்த ஸ்டியரிங்குக்குத் துடித்தது.

இப்படித்தான் நகராட்சி நீச்சல் குளத்தைக் கண்டுபிடித்தேன். பதினேழாம் எண் பஸ் அதன் வாசலில் நிற்கும். காலை பத்திலிருந்து பதினொன்று வரை அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும். அங்கே பாதிப்பேருக்கு நீச்சல் தெரியாது, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு மருமகள்களைப் பற்றிப் பேசுவார்கள். ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து முதுகில் கையைக் கொடுத்து, உடம்ப விட்டுடுங்க சார், தண்ணி பாத்துக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பதினோராம் நாள் அவர் கையை எடுத்தது தெரியாமலே நான் மிதந்துகொண்டிருந்தேன். அறுபத்து நாலு வயதில் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு மிதந்தேன் பாப்பா. அதை உனக்குப் போனில் சொன்னபோது நீ அழுதாய், சந்தோஷத்தில் அழுகிறாய் என்று நினைத்தேன்.

பிறகு நூலகம். மூன்று மாடி, நாள் முழுக்க உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள், கண்ணாடி மறந்துபோனவர்களுக்குக் கொடுக்க மேஜை டிராயரில் நாலு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று என் கண்ணுக்கு என் கண்ணாடியைவிட நன்றாகவே பொருந்துகிறது. அங்கே இரண்டாம் மாடியில் மொழி வகுப்புகள் நடக்கின்றன. படிக்கட்டுச் சுவரில் ஒரு சுவரொட்டி, நீ இருக்கும் நாட்டின் மொழியைச் சொல்லித்தருகிறோம் என்று. எனக்கு ஒரு யோசனை வந்தது. நாலு வார்த்தை கற்றுக்கொண்டு ஒருநாள் திடீரென்று போனில் உன்னிடம் அந்த மொழியில் பேசினால் எப்படி இருக்கும், பக்கத்து வீட்டுக் கிழவி உனக்கு ரொட்டி கொடுப்பாள் என்று சொன்னாயே, அவளுக்கு என் வாயாலேயே நன்றி சொன்னால் எப்படி இருக்கும் என்று. முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினேன். டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும், மரியாதையான பெண். இந்த வயசுல எதுக்குங்க ஐயா என்று கேட்டார். என் பொண்ணு அங்க ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்துல வேலை பாக்குறா என்றேன், உன் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அட, அவளோட அப்பாவா நீங்க, அவள மாதிரி ஒருத்தி எனக்கு இன்னும் கிடைக்கல, எட்டு மாசமும் ஒரு நாள் லீவு போடல என்றார். நான் அது வேறு யாராவது இருக்கும் என்றேன். அவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போகாத குறையாகச் சுவருக்குக் கூட்டிப்போனார். அங்கே வகுப்பு முடித்தவர்களின் படம். இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நீ. சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். கீழே தேதி போட்டிருந்தது.

தேதியை நான் மூன்று தடவை படித்தேன். என்னை அழைத்துப்போக நீ நம் ஊருக்கு வந்தாயே, அதற்கு இரண்டு மாதம் முந்திய தேதி. சமையலறையில் தரையில் உட்கார்ந்துகொண்டு, என்கூட வந்துடுப்பா, இனிமே நாம ஒண்ணா இருக்கலாம், ரெண்டு ரூம் வீடு பாத்துட்டேன் என்று சொன்னாயே, அப்போது உன் பெட்டியில் இந்தச் சான்றிதழ் இருந்திருக்கிறது. நான் வந்து இருபது நாள்கூட ஆகவில்லை, ஒரு சாயந்திரம் வந்து, வெளிநாட்டு வேலைக்குத் திடீர்னு கூப்பிடுறாங்கப்பா, வேண்டாம்னு சொல்லிடவா என்று கேட்டாய். நான்தான் உன்னைத் தேற்றினேன். போம்மா, வந்த வாய்ப்பை விடாதே, அப்பா சமாளித்துக்கொள்வேன் என்றேன். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். நான் ஏதோ பெரிய மனது பண்ணி உன்னை அனுப்பிவைத்த மாதிரி குளத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லாம் முடிவான ஒரு காரியத்துக்கு என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறாய். அனுமதி கொடுத்த பெருமையை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். வீட்டுக்கு வந்து அந்த ஃபிரிட்ஜ் தாளைப் பார்த்தேன். திடீரென்று கிளம்புகிறவள் எழுதக்கூடிய தாளா அது. அத்தனை எண்ணையும் விசாரித்து எழுதவே ஒரு மாதம் பிடித்திருக்கும். முப்பத்தொரு வருடம் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்து ஓட்டியவன், என் வீட்டுக்குள் என்ன வருகிறது என்று பார்க்கவில்லை.

உன் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. நம் ஊரில் இரவில் நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம், இங்கே ஐந்து நிமிடம். என்னைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று நினைத்திருப்பாய். உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன், அது உனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. ஆனால் வரமாட்டேன் என்று சொல்கிற உரிமை எனக்கு இருந்ததா இல்லையா. சாமானைத்தான் எங்கே வைப்பது என்று கேட்கவேண்டியதில்லை, நான் சாமானா. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக உன்மேல் கோபப்பட்டுக்கொண்டு இருந்திருப்பேன். குளத்தில் மிதக்கும்போது ஆனந்தமாக இருக்கிறது, உடனே இதுவும் அவள் போட்ட கணக்கில் ஒன்றோ என்று தோன்றுகிறது, ஆனந்தம் போய்விடுகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் அத்தையைப் பற்றி நீ யோசித்தாயா என்று தெரியவில்லை. அவள் புருஷன் போன பிறகு பக்கத்துப் போர்ஷனுக்கு வந்து பதினொரு வருடம், அவள் சமைப்பாள், நான் காய் நறுக்குவேன், பாத்திரம் கழுவுவேன், ஒரு வேளைகூடத் தனித்தனியாகச் சாப்பிட்டதில்லை. மகள் கூப்பிடுகிறாள், போகிறேன் என்று சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு, போயிட்டு வா, மக இருக்கும்போது தங்கச்சி எதுக்கு என்றாள். அதற்குப் பிறகு என் போனை அவள் எடுக்கவே இல்லை. உனக்காக அவளை விட்டுவந்தேன். நீயோ வருகிற வழியிலேயே என்னை விட்டுவிட்டாய். படத்தைப் பார்த்த அந்த வார இறுதியில் ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து அவளிடம் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சுவர்ப்படத்தையும் தேதியையும். அவளும் உன்னைத் திட்டுவாள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டுவிட்டு, அவ உன்கிட்ட சொல்லலன்னு உனக்கு வலிக்குது, நீ என்கிட்ட சொன்ன, ஆனா கேட்டியாண்ணா என்றாள். அவள் தட்டு வைத்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்றாகச் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்து, நீயும் அங்கே வந்து இருக்கிறாயா என்று ஆரம்பித்தேன். இப்ப சொல்றியா, கேக்குறியா என்றாள். கேக்குறேன் என்றேன். ரெண்டு நாள் யோசிக்கணும் என்றாள். அந்த இரண்டு நாளும் அவள் வீட்டு வெளி அறையில் படுத்து, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி இருந்தேன்.

அவள் வந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. ஒரு மாசம் பாப்பேன், பிடிக்கலன்னா என்னைக் கொண்டுபோய் விட்டுடணும் என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தாள். நான் ஐம்பத்து மூன்று தடம் சுற்றியும் கண்ணில் படாத காய்கறிச் சந்தையை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது, மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். லிஃப்டில் ஏறமாட்டேன் என்கிறாள், நாலு மாடியும் ஏறுகிறாள், ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒரு வீட்டுக்காரியோடு பேச்சு. எனக்கு இன்னும் பெயர் தெரியாத ஆட்கள் என்னைப் பார்த்து உங்க தங்கச்சி சௌக்கியமா என்று கேட்கிறார்கள். குளத்துக்கு மட்டும் வரமாட்டாளாம், நனைஞ்ச ஆம்பளைங்க அம்பது பேரை எதுக்குப் பாக்கணும் என்கிறாள். உன் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். உன் பெட்டிகளைத் துணியால் மூடிப் பரணில் வைத்திருக்கிறேன், எதையும் பிரிக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு நீ வரும்போது நடு அறையில்தான் படுக்கவேண்டும். இதை உன்னிடம் நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாரம் மூன்று நாள், முதல் பெஞ்சு. அந்தப் படத்துக்கு எதிரே உட்காரக்கூடாது என்று இடம் மாற்றித்தரச் சொன்னேன், டீச்சர் காரணம் கேட்கவில்லை. விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டதற்கு அவர் மிகவும் வருத்தப்பட்டார், நீ அவர்மேல் கோபப்படாதே.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் உடனே பரவாயில்லைம்மா என்று சொல்லிவிடுவேன், மூன்று வயதிலிருந்து உனக்கு அது தெரியும். இந்தத் தடவை அந்தப் பரவாயில்லையை அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. அதனால் நீயும் எழுது. பரிசு, ஸ்வெட்டர் எதுவும் அனுப்பவேண்டாம். போவதென்று எந்த நாள் முடிவு செய்தாய், என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகளில் எத்தனை தடவை சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டாய், ஒரு தடவைகூட எடுக்கவில்லையா, அதை எழுது. நல்லதாக இருக்கவேண்டும் என்றில்லை, நடந்ததாக இருந்தால் போதும். அதுவரை போன் வேண்டாம். உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும் கூப்பிடு, அதற்கு நேரம் காலம் கிடையாது, முதல் மணியிலேயே எடுப்பேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்கவேண்டும், உன் வேலையில் உயரவேண்டும், எவ்வளவு கோபத்திலும் இதில் எனக்கு மாற்றமில்லை. அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். இருட்டின பிறகு பனியில் நடந்து வரவேண்டாம், பஸ் இருக்கும், கொஞ்சம் காத்திருந்தாலும் பஸ்ஸிலேயே வா. அத்தை இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, ரொம்ப கடுமையா இருக்குண்ணா, ரெண்டு வரியை அடிச்சிடு என்றாள். நான் அடிக்கவில்லை.

உன்னிடம் கோபமாக இருக்கும்,
உன் அப்பா