இருபத்தெட்டா, இருபத்துநாலா

புதன், இரவு.

கொம்பனித்தெரு கமராக் கடைக்கார நானா என் ஃபில்ம் கமராவுக்கு இரண்டு பழைய வைட் லென்ஸ் தந்துவிட்டார். ஒன்று இருபத்தெட்டு மில்லிமீட்டர், மற்றது இருபத்துநாலு. எண் குறையக் குறைய படத்தில் கூடுதல் இடம் அடங்கும். "வீட்டுல கமராவுல பூட்டிப் பாருங்க, நாளைக்கு ஒன்ன திருப்பித் தாங்க" என்றார். என்னிடம் இருக்கிற ஐம்பது லென்ஸால் எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் இரண்டு பேருக்கு மேல் எடுக்க முடியாது. பின்னுக்குப் போனால் முதுகில் சுவர் இடிக்கும்.

சனிக்கிழமை தங்கச்சி மெல்பேர்ன் போகிறாள். அதற்கு முன் ஒரு படம் வேண்டும்.

பின்னேரம் இருபத்தெட்டைப் பூட்டி, வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் பார்த்தேன். அப்பா, அம்மா, தங்கச்சி மூவரும் சரியாக அடங்கினார்கள். அம்மா சட்டென்று விலகிவிட்டா.

"மூண்டு பேராய் நிண்டு படம் எடுக்கக் கூடாது, ஒராளுக்கு ஆகாது. பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிடு."

முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்ச மனிசி! எங்கட படத்தில் அன்ரி எதற்கு?

இருபத்துநாலை மாட்டினேன். அவர்களுக்குப் பின்னால் வீட்டு ஹோல் மூலையில் பாதி திறந்திருந்த அலுமாரிக் கதவும் உள்ளே வந்தது. அதன் கண்ணாடியில் கமராவோடு நான், ஓரத்தில் கொஞ்சம் இழுபட்டு.

"அம்மா, கண்ணாடியில நானும் விழுறன்."

அம்மா யோசித்தா. "அப்ப நாலு பேர்தானே. எடு."

எடுத்தேன். இருபத்துநாலுதான் என்று அப்பவே முடிவெடுத்தும்விட்டேன்.

ஆனால் படுத்தால் நித்திரை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் நின்று அதே லென்ஸால் பார்த்தால் அப்பா, அம்மா, கண்ணாடிக்குள் நான்.

மூன்று பேர்.