கண்ணாடியில் கொட்டிய திருநீறு

அன்புள்ள அப்பாவுக்கு, தினேஸ்வரி வணங்கி எழுதுறேன். முட்டி வலி எப்படி இருக்கு? நம்ம ஊரு கமுந்திங்ல மழை விட்டுச்சா? நான் நல்லா இருக்கேன், இங்கத்து சாப்பாடுதான் இன்னும் ஒத்துக்கலை.

எங்க வானியல் ஆராய்ச்சிக் கழகத்துல ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு, பயந்துறாதீங்க. பெரிய தொலைநோக்கியோட கண்ணாடியைச் சுத்தம் பண்ண முதல் தடவையா என்னை விட்டாங்க. நல்ல காரியமாச்சேன்னு, நீங்க குடுத்த திருநீறை நெத்தி நிறைய பூசிக்கிட்டுப் போனேன். குனிஞ்சப்போ கொஞ்சம் கண்ணாடி மேல கொட்டிருச்சு. அதுல எது விழுந்தாலும் காத்தடிச்சு ஊதித்தான் விடணும், தொடவே கூடாது. தெரிஞ்சும், பதட்டத்துல கையுறையால துடைச்சிட்டேன். கீறல் விழுந்துருச்சு.

யாரும் திட்டலைப்பா. ஆனா அதுலேருந்து யாரும் என்கூட சாப்பிட உட்காரவும் இல்லை. வெள்ளிக்கிழமை டைரக்டர் வரச் சொல்லியிருக்காரு. அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க.

முடிஞ்சா ரெண்டு போத்தல் சோயா கிச்சாப், சோத்துக்குத் தொட்டுக்க கொஞ்சம் மிளகாய்ச் சம்பல் அனுப்புங்க. திருநீறு வேணாம். வீட்டுல நீங்க பூசிவிட்டா, என் கண்ணைக் கையால மறைச்சு மிச்சத்தை ஊதிவிடுவீங்க. இங்க ஊதிவிட ஆளில்லை.

வேலைக்குப் போற வேன் வந்துருச்சு, வாரேன்ப்பா.

தினேஸ்வரி